வானூர்திப் பட்டறையிலிருந்து வந்த கருவி

நுழையும்முன்

ஒரு தொழிலின் தேவைக்காகப் பிறந்த கருவி மற்றொரு தொழிலின் கைக்குச் செல்வது மனித வரலாற்றில் பலமுறை நிகழ்ந்துள்ளது. போர் விமானங்களையும் மகிழுந்துகளையும் வடிவமைக்க உருவான மென்பொருள், கட்டடக்கலைஞரின் மேசைக்கு எவ்வாறு வந்தது? வந்தபின் என்ன நேர்ந்தது? இவற்றைக் குறித்த ஒரு கருத்துரை இது.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், நெர்வியோன் ஆற்றின் கரையில் அமைந்த நகரம் பில்பாவோ. இரும்பும் எஃகும் கப்பலும் அந்நகரை வளர்த்தன. 1980களில் அத்தொழில்கள் நலிந்தன. கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டது. ஆற்றங்கரையில் பழைய கிடங்குகளும் வேலையிழந்தோரின் கவலையுமே எஞ்சின. அந்தக் கரையில் 1997ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்லவியலாதபடி, மலரிதழ் போலவும் கப்பலின் வயிறு போலவும் சுருண்டு நிற்கும் கட்டடம் அது. அதன் மேனியைப் போர்த்தியிருப்பவை ஏறத்தாழ 33,000 டைட்டானியத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் தடிமனும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மேகம் மூடிய நாளில் ஒரு நிறமும் மாலை வெயிலில் வேறொரு நிறமுமாக அவை மாறித் தோன்றும்.

இக்கட்டடத்தைப் போற்றி எழுதியோர் பலர். வெறுத்து எழுதியோரும் உளர். எனக்கு வியப்பளிப்பது அதன் தோற்றத்தைவிட அது கட்டப்பட்ட முறையே. இத்தனை வளைவுகளைக் கொண்ட கட்டடம் குறித்த காலத்தில், ஒதுக்கிய தொகையை மீறாமல் கட்டி முடிக்கப்பட்டது. நேர்ச்சுவர்க் கட்டடங்களே காலக்கெடுவைத் தாண்டுவதும் செலவை மீறுவதும் உலகெங்கும் வழக்கமாக இருக்க, இது எவ்வாறு இயன்றது? விடையின் ஒரு பெரும்பகுதி, வானூர்தித் தொழிலிடமிருந்து கடனாகப் பெற்ற ஒரு மென்பொருளில் இருக்கிறது. அக்கடன் நல்ல கடன் என்பதே என் எண்ணம். எனினும், எதைக் கடன் வாங்கினோம் என்பதில் பலர்க்குத் தெளிவில்லை என்பதும் என் எண்ணம்.

வளைவைச் சொல்லும் மொழி

ஒரு வளைவைக் கையால் வரைவது எளிது. அதையே மற்றொருவர் பிசகாமல் திரும்பச் செய்யும்படி சொல்வது அரிது. நேர்கோட்டைச் சொல்ல நீளமும் திசையும் போதும். வட்டத்தைச் சொல்ல மையமும் ஆரமும் போதும். காற்றில் அசையும் வாழையிலையின் வளைவை எவ்வாறு சொல்வது? ‘இப்படிச் சற்றுச் சாய்ந்து, அப்படிச் சற்று மேலேறி’ என்று கையை வீசிக் காட்டலாம். கையசைவைக் கொண்டு கொத்தனார் சுவர் எழுப்ப முடியாது.

கப்பல் கட்டுவோர் இதற்கொரு வழி கண்டிருந்தனர். பரந்த தளத்தின்மீது கப்பலின் கோடுகளை முழு அளவிலேயே வரைந்தனர். மெல்லிய மரப்பட்டியை வளைத்து, அது விலகாதபடி ஆங்காங்கே ஈயக்கட்டிகளை வைத்து, பட்டி இயல்பாகக் கொள்ளும் வளைவைக் கோடாக இழுத்தனர். அந்த மரப்பட்டிக்கு ஸ்பிளைன் என்பது ஆங்கிலப் பெயர். இன்று கணினி வரைகலையில் வளைகோட்டுக்கு வழங்கும் பெயரும் அதுவே. பட்டி மறைந்துவிட்டது, பெயர் தங்கிவிட்டது. வானூர்தி கட்டியோரும் இம்முறையையே முதலில் கைக்கொண்டனர்.

பின்னர் அந்த மரப்பட்டியின் வேலையைக் கணிதம் ஏற்றது. பிரான்சு நாட்டின் மகிழுந்து நிறுவனங்களான சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோவில் பியர் பெசியேயும் தனித்தனியே உழைத்து, 1960களை ஒட்டிய ஆண்டுகளில், சில புள்ளிகளைக் கொண்டு வளைவுகளையும் வளைபரப்புகளையும் எழுதும் முறையை உருவாக்கினர். மகிழுந்தின் முகப்பு வளைவைப் பட்டறையில் உள்ள எந்திரத்துக்குத் தவறின்றிச் சொல்ல வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். கணினித் திரையில் நாம் காணும் எழுத்துருக்களின் வளைவுகளும் இன்று இம்முறையைத் தழுவியே அமைகின்றன. தமிழ் எழுத்துகளின் சுழியும் கொம்பும் ஒரு மகிழுந்துத் தொழிற்சாலையில் பிறந்த கணிதத்தால் திரையில் வளைகின்றன என்பது, தமிழ் கற்பிப்போர்க்கு எண்ணுந்தோறும் இனிக்கும் செய்தி.

பிரான்சின் தசோ வானூர்தி நிறுவனம், தன் விமானங்களை முப்பரிமாணத்தில் வடிவமைப்பதற்கான மென்பொருளை 1977இல் உருவாக்கத் தொடங்கியது. 1981இல் அப்பணிக்கெனத் தனி நிறுவனமே அமைந்தது. கேட்டியா என்னும் பெயர்கொண்ட அம்மென்பொருள் மிராஜ் போர் விமானத்தில் தொடங்கிப் பிற எந்திரத் தொழில்களுக்கும் பரவியது. 1994இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 விமானம் அதனைக் கொண்டே முழுமையாகக் கணினியில் வடிவமைக்கப்பட்டது. குழாயும் கம்பியும் சட்டமும் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பதைத் திரையிலேயே கண்டு திருத்தியதால், முழு விமானத்தையும் மாதிரியாகச் செய்து பார்க்கும் பழைய வழக்கம் பெரும்பாலும் தேவையற்றுப் போயிற்று.

அக்காலத்துக் கட்டடக்கலைஞர்களிடமும் கணினி இருந்தது. ஆனால், அவர்களது மென்பொருள்கள் பெரும்பாலும் தாளில் வரைவதைத் திரையில் வரைந்தன, அவ்வளவே. திரைப்படத்துக்கான உயிரூட்டு மென்பொருள்கள் வளைந்த உருவங்களைக் காட்டின. எனினும், அவற்றுள் பல, வளைபரப்பைச் சிறுசிறு தட்டை முகங்களாக உடைத்தே வைத்திருந்தன. கண்ணுக்கு அது வளைவாகத் தோன்றும்; கணக்குக்கு அது வளைவன்று. எந்திரப் பொறியியல் மென்பொருளோ பரப்பைச் சமன்பாடாகவே வைத்திருந்தது. பரப்பின்மேல் எந்தப் புள்ளியைச் சுட்டினாலும் அதன் இடம் துல்லியமாகக் கிடைத்தது. எஃகை அறுப்பவர்க்கும் தகட்டை வெட்டுபவர்க்கும் வேண்டியது அந்த இடம்தான்.

மற்றொரு சிறப்பும் அதற்கு உண்டு. விமானம் என்பது உறுப்புகளின் தொகுதி. ஓர் உறுப்பின் அளவு மாறினால் அதனோடு இணைந்த உறுப்புகளும் மாறியாக வேண்டும். எந்திர வடிவமைப்பு மென்பொருள்கள் இந்த உறவுகளையே மாதிரிக்குள் எழுதிவைக்கும் திறனைப் பெற்றன. ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்தவை தாமே திருத்திக்கொள்ளும். தாளில் வரைந்த கட்டடத்தில் ஒரு தூணை நகர்த்திய பின் எத்தனை வரைபடங்களை அழித்தெழுத வேண்டும் என்பதை, கட்டட வரைவாளர் எவரையும் கேட்டறியலாம்.

காகிதம் முதலில், கணினி பிறகு

குகன்ஹைமை வடிவமைத்த ஃபிராங்க் கெரி, 1929இல் கனடாவின் டொராண்டோவில் பிறந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் தொழில் நடத்தியவர். கணினியில் இத்தனை புதுமை செய்த அலுவலகத்தின் தலைவர், தாம் கணினியை இயக்கி வடிவமைத்தவர் அல்லர். கிறுக்கல்போலக் கோடுகள் இழுப்பார். காகிதத்தையும் அட்டையையும் மரத்தையும் கொண்டு மாதிரிகள் செய்வார், கிழிப்பார், மீண்டும் செய்வார். வடிவம் கையில் பிறந்தது. அதைக் கட்டுவோர்க்குச் சொல்லும் இடத்தில்தான் சிக்கல் எழுந்தது.

இச்சிக்கல் பணச் சிக்கலும் ஆகும். வரைபடத்தில் தமக்கு விளங்காத ஒன்றைக் காணும் ஒப்பந்ததாரர் அஞ்சுவார். அஞ்சுபவர் தம் விலைப்புள்ளியை உயர்த்துவார். வளைந்த கட்டடம் விலைமிக்கது என்னும் எண்ணத்துக்குப் பொருள்களின் விலையும் உழைப்பின் அருமையும் காரணங்களே. அவற்றோடு, அறியாமையின் விலையும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றாவது விலையை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

1992இல் பார்சிலோனாவில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அங்கே கடற்கரையில் பெரியதொரு மீன் வடிவத்தை அமைக்கும் பணி கெரியின் அலுவலகத்துக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 56 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் கொண்ட எஃகுச் சட்டகம். அதன்மேல் பின்னல்போன்ற உலோகப் போர்வை. காலமோ குறைவு. அலுவலகத்தின் ஜிம் கிளிம்ப், இதற்கு விடை கட்டடத் தொழிலுக்குள் இல்லை என உணர்ந்து வானூர்தித் தொழிலின் பக்கம் திரும்பினார். கேட்டியா அலுவலகத்துக்குள் வந்தது. அதனை இயக்கத் தெரிந்த வல்லுநரும் உடன் வந்தார். மீனின் உடல் சமன்பாடாயிற்று. சமன்பாட்டிலிருந்து எஃகு உறுப்புகளின் அளவுகள் பிறந்தன. மீனும் உரிய காலத்தில் கரையேறியது.

பில்பாவோவில் இவ்வழி விரிவடைந்தது. கையால் செய்த மாதிரியின் பரப்பை ஒரு கருவியின் முனை புள்ளி புள்ளியாகத் தொட்டுச் செல்ல, அப்புள்ளிகள் கணினிக்குள் சென்றன. அவற்றின்மேல் பரப்புகள் அமைக்கப்பட்டன. அப்பரப்புகளைக் கொண்டு எந்திரத்தின் துணையால் மீண்டும் ஒரு மாதிரி கடையப்பட்டது. கையின் மாதிரியும் எந்திரத்தின் மாதிரியும் ஒத்திருக்கின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தனர். இப்படிநிலையை நான் மிகவும் மதிக்கிறேன். கணினி சொன்னதைக் கணினியிடமே சரிபார்க்காமல், கண்ணிடமும் விரலிடமும் காட்டிச் சரிபார்த்தனர்.

சட்டகம் அமைத்த விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வெளியே இவ்வளவு வளைந்து தோன்றும் கட்டடத்தின் முதன்மைச் சட்டகத்தில் உள்ள எஃகு உறுப்புகள் பெரும்பாலும் நேரானவை. ஏறத்தாழ மூன்று மீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாக அமைந்த அந்நேர் உறுப்புகளின்மேல் அடுத்தடுத்த அடுக்குகள் ஏறின; வளைவு அவ்வடுக்குகளில் சிறிது சிறிதாக வந்து சேர்ந்தது. எஃகு முழுவதையும் வளைத்திருந்தால் செலவு எங்கோ சென்றிருக்கும். எந்த உறுப்பு எங்கே எவ்வளவு சாய வேண்டும் என்பது மாதிரியில் இருந்ததால், நேரானவற்றைக் கொண்டே வளைவை நெருங்க முடிந்தது. உறுப்புகளின்மேல் பட்டைக்குறியீடு ஒட்டப்பட்டது. கட்டுமான இடத்தில் அதனைப் படித்தறிந்து, லேசர் அளவைக் கருவியின் துணையோடு, மாதிரி சொன்ன இடத்தில் அவ்வுறுப்பைப் பொருத்தினர். அளவுநாடாவுக்கும் தூக்குக்குண்டுக்கும் அங்கே வேலை குறைவு.

கப்பல் கட்டும் தொழிலை இழந்த நகரம் அது என்பதை மீண்டும் நினைவில் கொள்க. கப்பல் தளத்தின் மரப்பட்டியில் தொடங்கி, மகிழுந்துப் பட்டறையில் கணிதமாகி, வானூர்தி நிறுவனத்தில் மென்பொருளான அறிவு, சுற்றி வளைந்து ஒரு பழைய கப்பல் நகரத்தின் ஆற்றங்கரைக்கே கட்டடமாக வந்து சேர்ந்தது.

உடைந்த மாதிரிகளைப் படித்தல்

பில்பாவோவைவிட என்னைக் கவர்ந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதுவும் ஸ்பெயினிலேயே, பார்சிலோனாவில் இருக்கிறது. சக்ரதா ஃபமிலியா தேவாலயத்தின் பணி 1882இல் தொடங்கியது. மறு ஆண்டே அப்பொறுப்பை ஏற்ற அந்தோனி கௌதி, 1926இல் இறக்கும்வரை அதிலேயே வாழ்ந்தார். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவரது பணிக்கூடம் தீக்கிரையாயிற்று. வரைபடங்கள் எரிந்தன. பாரிஸ் சாந்தில் செய்து வைத்திருந்த பெரிய மாதிரிகள் நொறுக்கப்பட்டன. பின்வந்தோர் அத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தனர். கட்டடக்கலைஞர் இல்லை, வரைபடம் இல்லை, துண்டுகள் மட்டும் உண்டு. அவற்றிலிருந்து ஒரு பெருங்கோயிலைத் தொடர வேண்டும்.

இங்கே கௌதி விட்டுச்சென்ற ஓர் ஒழுங்கு கைகொடுத்தது. அவர் தம் பிற்காலத்தில் மனம்போன வளைவுகளை வரையவில்லை. நேர்கோடுகளால் பிறக்கும் வளைபரப்புகளையே தேர்ந்தெடுத்தார். இதனை விளக்க ஓர் எளிய செய்முறை போதும். ஒரு கட்டு ஈர்க்குகளை எடுத்து நடுவில் பிடித்து முறுக்கினால், இடை சிறுத்து இருபுறமும் விரியும் ஓர் உருவம் கிடைக்கும். உருவம் வளைந்திருக்கும், ஒவ்வோர் ஈர்க்கும் நேராகவே இருக்கும். நம் வீடுகளில் உள்ள பிரம்பு முக்காலி பலவற்றின் வடிவமும் இதுவே. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் பயிலும் அதிபரவளையத்தை அச்சில் சுழற்றினால் இப்பரப்பு கிடைக்கும். கொத்தனார்க்கும் சிற்பிக்கும் நூல் கட்டிக் காட்டிவிடலாம் என்பதே இவ்வகைப் பரப்பின் அருமை. கௌதி அழகை மட்டும் எண்ணவில்லை. தமக்குப்பின் அதனைக் கட்டப்போகும் கைகளையும் எண்ணினார்.

எனினும், பல பரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களைக் கையால் கணக்கிடுவது பெரும் உழைப்பு. நியூசிலாந்தில் பிறந்த மார்க் பரி 1979 முதல் இப்பணியில் ஈடுபட்டவர். தொடக்கத்தில் அவரும் தாளில் வரைந்தே வெட்டுக்கோடுகளைத் தேடினார். 1990களின் தொடக்கத்தில், கட்டடத்துக்கான மென்பொருள்கள் இதற்குப் போதா என்று கண்டு, வானூர்தி, மகிழுந்துத் தொழில்களுக்கான மென்பொருளை நாடினர். உடைந்த சாந்துத் துண்டின்மேல் அளந்த புள்ளிகள் ஒருபுறம். அப்புள்ளிகளின் வழியே செல்லக்கூடிய பரப்பின் சமன்பாடு மறுபுறம். அளவுருக்களை மாற்றி மாற்றி, துண்டோடு பொருந்தும்வரை தேடினர். ஓர் அளவுருவை மாற்றியதும் எல்லா வெட்டுக்கோடுகளும் தாமே திருந்தின. எந்திர மென்பொருளின் இயல்பு இங்கே நன்கு பயன்பட்டது. தேவாலயத்தின் உட்கூடம் கூரைவேயப்பட்டு 2010ஆம் ஆண்டு நவம்பரில் வழிபாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது.

ஓலைச்சுவடியில் செல்லரித்த இடத்தை யாப்பைக் கொண்டு மீட்டெடுக்கும் பதிப்பாசிரியரின் பணியை இது எனக்கு நினைவூட்டுகிறது. இத்தனை அசைக்கு இடமுண்டு, இன்ன எதுகை வர வேண்டும் என்னும் ஒழுங்கு தெரிந்தால், விடுபட்ட சொல்லை நெருங்கலாம். ஒழுங்கே இல்லாத உரைநடையில் விடுபட்ட சொல்லை மீட்பது அரிது. கௌதியின் வடிவங்களுக்கு யாப்பு இருந்தது. அதனால்தான் மென்பொருளால் அவற்றைப் படிக்க முடிந்தது.

கருவி இல்லாதபோது பிறந்த கோளம்

இங்கே எதிர்வாதம் ஒன்றைச் சந்தித்தாக வேண்டும். கருவி எளிதாகக் கிடைத்தால் சிந்தனை சோம்பிவிடாதா என்று கேட்போர் உண்டு. அவர்கள் சுட்டும் சான்று வலிமையானது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் இசைநாடக அரங்கம் அமைப்பதற்கான போட்டியில் 1957இல் டென்மார்க் நாட்டின் யோர்ன் உட்சன் வென்றார். விரிந்த பாய்கள் போன்ற அவரது கூரைகள் கண்ணைக் கவர்ந்தன. எந்த வடிவியலுக்கும் அடங்கவில்லை. பொறியாளர்களோடு சேர்ந்து பரவளையம், நீள்வட்டம் எனப் பலவற்றை ஆண்டுக்கணக்கில் முயன்றனர். 1961இல் உட்சன் ஒரு தீர்வு கண்டார். எல்லாக் கூரைகளையும் ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்தால் என்ன? கோளத்தின் வளைவு எங்கும் ஒன்றே. ஆகவே விலா எலும்புகள் போன்ற கற்காரை உறுப்புகளை ஒரே தொகுதி அச்சுகளில் வார்க்கலாம்; ஓடுகளையும் ஒரே முறையில் பதிக்கலாம். ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்தெடுப்பது போன்ற எளிமை அதற்கு உண்டு. கேட்டியா போன்றதொரு கருவி அன்று அவர் கையில் இருந்திருந்தால், முதலில் வரைந்த வடிவத்தை அப்படியே கட்டியிருப்பார். கோளம் பிறந்திருக்காது என்பது இவ்வாதம்.

இதில் உண்மை உண்டு என ஒப்புகிறேன். தடை, உட்சனைச் சிந்திக்க வைத்தது. ஆனால் அத்தடையின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் எனத் தொடக்கத்தில் மதிப்பிட்ட பணி, 1973இல் முடிந்தபோது 102 மில்லியனைத் தொட்டிருந்தது. வடிவம் முடிவாகும் முன்பே அடித்தளப் பணியைத் தொடங்கியது உள்ளிட்ட பல காரணங்கள் அதற்கு உண்டு. பூசல் முற்றி 1966இல் உட்சன் பணியிலிருந்து விலகினார். தாம் வடிவமைத்த அரங்கம் நிறைவுற்றபின் அதனை நேரில் காண அவர் திரும்பவே இல்லை. இல்லாமை சில நேரங்களில் கண்டுபிடிப்பைத் தரும் என்பதற்காக, இல்லாமையை வேண்டிப் பெறுவார் எவரும் இலர். விளக்கில்லாத காலத்தில் படித்து உயர்ந்தோர் பலர் என்பதற்காக நம் பிள்ளைகளின் விளக்கை நாம் அணைப்பதில்லை.

மேலும், கௌதியும் உட்சனும் வேறுபட்ட இரு காலங்களில் ஒன்றையே செய்தனர். வடிவத்துக்கு ஓர் ஒழுங்கைத் தாமே விதித்துக்கொண்டனர். கருவி இருந்தாலும் அவ்வாறு விதித்துக்கொள்ள இயலும். கருவி இருப்பதால் அவ்வாறு செய்யத் தேவையில்லை என்று எண்ணுவோரிடம்தான் எனக்கு மாறுபாடு. இன்று சில கட்டடங்களைப் பார்க்கும்போது, மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தியதால் வளைந்தனவோ என்று தோன்றுகிறது. அங்கே வடிவம் காகிதத்திலிருந்து கணினிக்குச் செல்லவில்லை. கணினியின் பட்டியலிலிருந்து தெருவுக்கு வந்திருக்கிறது.

மென்பொருள் கேட்காத கேள்விகள்

கெரியின் மற்றொரு கட்டடம் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள வால்ட் டிஸ்னி இசையரங்கம். 1987இல் நன்கொடையுடன் தொடங்கிய முயற்சி, பணத்தட்டுப்பாட்டால் இடையில் தேங்கி, 2003இல் நிறைவுற்றது. முதலில் கல்லால் போர்த்த எண்ணியிருந்த அதன் மேனி, பின்னர்த் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளாக மாறியது. பெரும்பாலான தகடுகள் மங்கல் மெருகு கொண்டவை. ஒரு பகுதியில் மட்டும் கண்ணாடிபோல் மெருகேற்றிய தகடுகளை அமைத்தனர். அங்கே உட்குழிந்த வளைவுகள் வெயிலைத் திரட்டி, அருகில் உள்ள குடியிருப்புகள்மீதும் நடைபாதைமீதும் வீசின. கண் கூசியது, வீடுகள் சூடேறின. குழியாடி ஒளியைக் குவிக்கும் என்பது பள்ளி இயற்பியல். அந்தப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியையும் அறிந்திருந்த மாதிரிக்குள் சூரியன் இல்லை. சூரியனை வைத்துக் கணக்கிடும் மென்பொருள்கள் இருக்கவே செய்தன. கேள்வியை எழுப்ப வேண்டியவர் மனிதர்.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2004இல் திறக்கப்பட்ட ஸ்டேட்டா மையமும் கெரி வடிவமைத்ததே. நீர்க்கசிவு உள்ளிட்ட குறைகளைச் சுட்டி அக்கழகம் 2007இல் வழக்குத் தொடுத்தது. 2010இல் இணக்கமாக முடிந்த அவ்வழக்கில் குறை யாருடையது எனத் தீர்ப்பு எழுதப்படவில்லை. நானும் அதைத் தீர்க்க முனையேன். ஒன்றை மட்டும் கூறலாம். விமானத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. விமானத்தின் உறுப்புகள் கூரையின்கீழ், சீரான வெப்பத்தில், பயிற்சி பெற்றோரால் பொருத்தப்படுகின்றன. ஒரே வடிவம் நூற்றுக்கணக்கில் செய்யப்படுவதால் முதல் விமானத்தில் கண்ட குறையை அடுத்ததில் திருத்தலாம். கட்டடம் மழையிலும் வெயிலிலும் எழுகிறது. பெரும்பாலும் ஒரே ஒருமுறைதான் கட்டப்படுகிறது. மென்பொருள் கடனாக வந்தது; அது பிறந்த பட்டறையின் சூழல் உடன் வரவில்லை. மில்லிமீட்டர்த் துல்லியத்தைத் திரையில் கண்டவர், சாரத்தின்மேல் நிற்பவரிடம் அதனை எதிர்பார்க்கும் முன் இதனை எண்ண வேண்டும்.

பொறுப்பு பற்றிய கேள்வியும் உண்டு. தாளில் உள்ள வரைபடம் ஒன்று சொல்ல, கணினி மாதிரி வேறொன்று சொன்னால் எது செல்லும்? மாதிரியைப் பலர் திருத்தும்போது தவறு யாருடையது? இவை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட வேண்டியவை. எழுதாமல் விட்டவர்கள் பின்னர் வழக்கறிஞர்களுக்கே பணம் தருகின்றனர்.

செலவும் சிறிய செய்தியன்று. எந்திரப் பொறியியலுக்கான உயர்நிலை மென்பொருள்களின் உரிமக் கட்டணமும் பயிற்சிச் செலவும் சிறிய அலுவலகங்களுக்கு எட்டாதவை. மூன்று மாடிக் குடியிருப்புக்கு அவை தேவையும் இல்லை. பாக்கு வெட்டக் கோடரி எதற்கு? 2002இல் கெரியின் அலுவலகத்தினரே தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, கேட்டியாவை அடிப்படையாகக் கொண்டு கட்டடத் தொழிலுக்கென்றே ஒரு மென்பொருளை உருவாக்கினர். கடன் வாங்கிய கருவியைத் தம் கைக்கேற்பத் திருத்திக்கொண்ட செயல் அது. இன்று கட்டடத்துக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவும் அளவுருக்களையும் உறுப்புகளின் உறவையும் கையாள்கின்றன. அவ்வகையில் பழைய கடனின் பெரும்பகுதி அடைந்துவிட்டது எனலாம்.

அடையாத கடன் ஒன்று கல்வியில் இருக்கிறது. இவ்வகுப்பை முடித்தபின் உங்களுள் ஒருவர் எந்திரப் பொறியியலுக்குச் செல்வார். அருகில் அமர்ந்திருப்பவர் கட்டடக்கலைக்குச் செல்வார். மற்றொருவர் குடிசார் பொறியியலுக்குச் செல்வார். அதன்பின் மூவரும் ஒருவர் பாடத்தை மற்றவர் பார்ப்பது அரிது. பட்டறையில் இரும்பைக் கடையும் மாணவர்க்கு ஒரு கூடத்தில் ஒளி எவ்வாறு விழ வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கூடத்தை வரையும் மாணவர்க்குத் தகட்டை எவ்வளவு வளைத்தால் விரியும், எவ்வளவு வளைத்தால் மடியும் என்று தெரிவதில்லை. கல்லூரிகள் ஒரு பருவத்திலேனும் இம்மூவரையும் ஒரே மேசையில் அமர்த்த வேண்டும் என்பது என் கருத்து. மேசையின்மேல் முதலில் கணினி வேண்டா. அட்டையும் நூலும் ஒரு கட்டு ஈர்க்கும் போதும். ஓர் உருவத்தை மூவரும் சேர்ந்து செய்யட்டும், அதனை அளக்கட்டும், அளந்ததைச் சமன்பாடாக்கட்டும். ஏதேனும் ஓரிடத்தில், கையால் இனி முடியாது என்று மூவருள் ஒருவர் சொல்வார். கணினியை அப்போது திறக்கலாம்.